திறமை கூடவே வரும், சாட்சிகள் வருவதில்லை

என் தோழி ஒரு மருந்து நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் 12 ஆண்டுகள் வேலை பார்த்தவள். கணவருக்கு வேறு நாட்டில் வேலை அமைந்தது, குடும்பமாகக் கிளம்பினார்கள். போன இடத்தில் ஏழு மாதத்துக்குள் எண்பதுக்கும் மேல் விண்ணப்பம் போட்டுவிட்டாள். நேர்காணல் வரை போனது இரண்டே இரண்டு. ஒருநாள் இரவு வீடியோ அழைப்பில், "எனக்கு வேலையே தெரியாதோன்னு சந்தேகம் வந்துடுச்சுடி" என்றாள். பழைய ஆய்வகத்தில் ஒரு சோதனை முடிவு இடித்தால் எல்லோரும் போய் நின்றது அவள் மேசைக்கு முன்னால்தான். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

அவளுடைய திறமை அவளோடுதான் விமானம் ஏறியது. ஏறாமல் பின்தங்கியவர்கள், அந்தத் திறமைக்குச் சாட்சி சொல்லக்கூடியவர்கள். பழைய மேலாளர் ஒரு போன் போட்டுச் சொல்லியிருப்பார். பக்கத்து நிறுவனத்துக்கு மாறிப்போன சக ஊழியர் சொல்லியிருப்பார். படித்த கல்லூரியின் பெயரும் வேலை பார்த்த நிறுவனத்தின் பெயரும் அவளுக்காகப் பாதிப் பேச்சைப் பேசி முடித்திருக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் போனதும் இவை அத்தனையும் ஒரே நாளில் வாயை மூடிக்கொள்கின்றன. நாடு மாறி வேலை தேடுபவர்கள் படும் பாட்டில் பெரும்பகுதி இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது என்பது, நானும் இரண்டு முறை நாடு மாறியவள் என்ற முறையில், என் எண்ணம். இதைப் புரிந்துகொண்டால் எதற்கு நேரம் செலவழிப்பது, எதை விட்டுவிடுவது என்பது தெளிவாகும்.

வேலை கொடுப்பவர் பக்கம் நின்று கொஞ்சம் பார்ப்போம். அவர் முன்னால் ஒரு குவியல் ரெஸ்யூமே. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் ஒதுக்கினாலே அதிகம். தெரிந்த கல்லூரி, தெரிந்த நிறுவனம், தெரிந்த பதவிப் பெயர் கண்ணில் பட்டால் மனம் நிம்மதியாகிறது. தெரியாத பெயர் வந்தால் அதைத் தேடிப் பார்த்து எடைபோட வேண்டும். அந்த வேலையை யாரும் விரும்பிச் செய்வதில்லை. தவறான ஆளை எடுத்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். நல்ல ஆளை விட்டுவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. அதனால் தெரியாததை ஒதுக்கிவைப்பது அவருக்குச் சுலபமாகிவிடுகிறது.

இது வெறும் ஊகம் இல்லை. பொருளாதார ஆய்வாளர் ஃபிலிப் ஓரியோபௌலோஸ், கனடாவின் டொராண்டோ வட்டாரத்தில் வந்த வேலை விளம்பரங்களுக்குக் கற்பனையான ரெஸ்யூமேக்களை அனுப்பிச் சோதித்தார். 2011ல் வெளியான அந்த ஆய்வில் மொத்தம் சுமார் 13,000 ரெஸ்யூமேக்கள். தகுதி ஒன்றே, பெயர் மட்டும் வேறு என்ற நிலையிலும் ஆங்கிலப் பெயர்களுக்கு நேர்காணல் அழைப்பு கூடுதலாக வந்தது. சீன, இந்திய, பாகிஸ்தானியப் பெயர்களுக்குக் குறைவாக வந்தது. பெயரைப் பார்த்து ஒதுக்குவது அநியாயம். அதை வேறு நல்ல வார்த்தை போட்டு மூடி மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. வெளிநாட்டில் படித்தவர்களே ஆனாலும், கனடாவில் வேலை பார்த்த அனுபவம் ரெஸ்யூமேயில் இருந்தபோது அழைப்புகள் நன்றாகவே கூடின. அதாவது, உள்ளூர்க்காரர் ஒருவர் ஏற்கெனவே இவரை வேலைக்கு எடுத்துப் பார்த்திருக்கிறார் என்ற சாட்சிக்கு அவ்வளவு மதிப்பு.

இந்த 'உள்ளூர் அனுபவம்' என்ற நிபந்தனை எத்தனையோ பேரை வாட்டியிருக்கிறது. அனுபவம் இல்லாமல் வேலை கிடையாது, வேலை இல்லாமல் அனுபவம் கிடையாது. ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2013லேயே, கனடா அனுபவம் வேண்டும் என்று கண்டிப்பாகக் கேட்பதை முதல் பார்வையிலேயே பாகுபாடாகத்தான் கொள்ள வேண்டும் என்று கொள்கை வகுத்தது. பொதுவில் வெளியிடும் வேலை விளம்பரங்களில் அப்படிக் கேட்பதற்கு அந்த மாகாணத்தில் 2026 ஜனவரி 1 முதல் சட்டப்படி தடையும் வந்திருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனாலும் விளம்பரத்திலிருந்து வார்த்தையை நீக்கிவிடலாம், ரெஸ்யூமே படிப்பவரின் தயக்கத்தைச் சட்டம் போட்டு நீக்க முடியாது. அந்தத் தயக்கத்தைத்தான் நாம் பொறுமையாகக் கரைக்க வேண்டியிருக்கிறது.

தோழியின் ரெஸ்யூமேயை அன்று இரவே அனுப்பச் சொன்னேன். இரண்டரைப் பக்கம். முதல் பக்கத்தில் பாதிக்கு மேல் நிறுவனத்தின் பெருமை. அதன் கீழே, 'தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பல்வேறு பொறுப்புகளைத் திறம்பட நிறைவேற்றிய அனுபவம்' என்று ஒரு வரி. அந்த நிறுவனம் அவளுடைய பழைய நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். அங்கே அந்த ஒரு வரியே போதும், மீதியைப் படிப்பவர் தானாக நிரப்பிக்கொள்வார். புதிய நாட்டில் படிப்பவரிடம் நிரப்புவதற்கு ஒன்றும் இல்லை.

"உங்க ஆய்வகத்துல மாசம் எத்தனை மாதிரி வரும்?"

"ஐந்நூறு, அறுநூறு இருக்கும்."

"உனக்குக் கீழ எத்தனை பேர்?"

"ஆறு பேர். ஆனா நாங்க எல்லாரும் சேர்ந்துதான் செய்வோம்."

"வெளிநாட்டு ஆய்வாளர்கள் வந்து தணிக்கை பண்ணுவாங்களே, அப்ப கோப்பெல்லாம் யார் பொறுப்பு?"

"நான்தான். ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் பெருசா குறை ஒண்ணும் சொல்லல."

"இதுல ஒரு வார்த்தைகூட ரெஸ்யூமேல இல்லையே."

"இதெல்லாம் எழுதினா பெருமையடிக்கிற மாதிரி இருக்காதா?"

இரண்டு மணிநேரம் பேசி அந்த ஒரு வரியை நான்காகப் பிரித்தோம். ஆய்வகத்தின் அளவு, அணியின் அளவு, எந்தக் கருவிகளைத் தானே இயக்குவாள், எந்தத் தணிக்கைக்கு அவள் பொறுப்பு. 'நாங்கள்' என்று இருந்த இடங்களில், உண்மையாகவே அவள் தனியாகச் செய்ததை மட்டும் 'நான்' என்று மாற்றினோம். நிறுவனத்தின் பெயருக்குப் பக்கத்தில் அது என்ன தயாரிக்கிறது, எத்தனை ஊழியர்கள் என்று அரை வரி. பொய் ஒரு சொட்டும் சேர்க்கவில்லை. பெயர்கள் பேசாத இடத்தில் எண்களைப் பேச வைத்தோம், அவ்வளவுதான்.

ரெஸ்யூமே எழுதும் முறையும் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அமெரிக்கா, பிரிட்டன், கனடாவில் புகைப்படம், வயது, திருமண விவரம் போடுவதில்லை; போட்டால் படிப்பவர் சங்கடப்படுவார். ஜெர்மனியில் படம் ஒட்டும் வழக்கம் இன்னும் முழுவதும் போகவில்லை. ஜப்பானில் அதற்கென்றே ஒரு நிலையான படிவம் இருக்கிறது. போகும் நாட்டில் அதே துறையில் இருக்கும் ஒருவரின் ரெஸ்யூமேயைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதுதான் இதற்கு எளிய வழி.

மனிதச் சாட்சிக்கு வருவோம். பழைய மேலாளர் தரும் கடிதத்தை எல்லா நாடுகளிலும் ஒரே மாதிரி வாசிப்பதில்லை. பிரிட்டனில் பல நிறுவனங்கள் வேலையில் இருந்த தேதியையும் பதவியையும் மட்டும் உறுதிசெய்து நிறுத்திக்கொள்கின்றன. ஜெர்மனியில் வேலையை விட்டுப் போகும் ஊழியருக்குச் சான்றுக் கடிதம் கேட்டுப் பெறுவது சட்டப்படி உரிமை. அந்தக் கடிதத்துக்குள் ஒரு தனி மொழியே இயங்குகிறது. 'எப்போதும் எங்கள் முழுமுதல் திருப்திக்கு உழைத்தார்' என்ற பொருள்வரும் வாக்கியம் இருந்தால் முதல் தரம். 'எங்கள் திருப்திக்கு உழைத்தார்' என்று மட்டும் இருந்தால் ஏதோ தேறினார் என்று அர்த்தம். 'முயற்சி எடுத்துக்கொண்டார்' என்று எழுதியிருந்தால், வேலை ஆகவில்லை என்று சொல்லாமல் சொல்கிறார்கள். வெளியிலிருந்து வருபவர் நல்ல மனதோடு தன் பழைய மேலாளர் எழுதிய கடிதத்தை மொழிபெயர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தால், அந்த மொழிக்குப் பழகிய கண் அதை எப்படி வாசிக்குமோ தெரியாது. இப்படிப்பட்ட இடங்களில், அந்த நாட்டு வழக்கம் தெரிந்த ஒருவரிடம் மொழிபெயர்ப்பைக் காட்டிவிட்டு அனுப்புவது உத்தமம்.

இன்னொன்று, கிளம்புவதற்கு முன்பே சாட்சிகளைச் சேர்த்துவைக்க வேண்டும். மேலாளர் பணி மாறுவார், நிறுவனம் கைமாறும், மின்னஞ்சல் முகவரி செத்துப்போகும். வேலையை விடும் மாதத்திலேயே இரண்டு மூன்று பேரிடம் தனிப்பட்ட மின்னஞ்சலும் போன் எண்ணும் வாங்கி, "யாராவது கேட்டால் என்னைப் பற்றிச் சொல்வீர்களா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும். பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு சரி என்பார்கள். மூன்று வருடம் கழித்துத் திடீரென்று கேட்டால் அவர்களுக்கே நினைவு மங்கியிருக்கும்.

அப்புறம் காகிதச் சாட்சிகள். இங்கே முதலில் ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும்: நீங்கள் போகும் நாட்டில் உங்கள் தொழில் உரிமம் வேண்டிய தொழிலா, இல்லையா? மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், வழக்கறிஞர், பள்ளி ஆசிரியர் போன்றவர்கள் பெரும்பாலான நாடுகளில் உரிமம் இல்லாமல் வேலை செய்ய முடியாது. மென்பொருள், விற்பனை, கணக்குவழக்கின் பல பிரிவுகள் போன்றவற்றில் வேலை கொடுப்பவர் ஏற்றுக்கொண்டாலே போதும். எந்தப் பக்கம் என்பது நாட்டைப் பொறுத்தும் மாறும். ஒரு நாட்டில் யாரும் செய்யக்கூடிய வேலைக்குப் பக்கத்து நாட்டில் உரிமம் கேட்பார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் விண்ணப்பம் போடத் தொடங்குபவர்கள் மாதக்கணக்கில் வீணாக அலைகிறார்கள்.

உரிமம் தேவையில்லாதவர்களுக்குப் பட்டம் எந்த அளவுக்கு ஈடானது என்று சொல்லும் மதிப்பீட்டு அறிக்கை ஒன்று உதவும். ஐரோப்பாவில் இதற்கென்று நாட்டுக்கு ஒரு தகவல் மையம் உண்டு. எனிக்-நாரிக் என்ற வலைப்பின்னலில் அவை இணைந்திருக்கின்றன. 1997ல் உருவான லிஸ்பன் அங்கீகார ஒப்பந்தத்தின்படி, வெளிநாட்டுப் பட்டத்தை மறுக்கும் தரப்புதான் இரண்டுக்கும் இடையே கணிசமான வேறுபாடு இருப்பதைக் காட்ட வேண்டும். பொறியாளர்களுக்கு 1989ல் தொடங்கிய வாஷிங்டன் உடன்படிக்கை இருக்கிறது. உறுப்பு நாடொன்றில் முறைப்படி அங்கீகரித்த பொறியியல் படிப்பை மற்ற உறுப்பு நாடுகளும் ஏற்கும். இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அந்த உடன்படிக்கை படிப்புக்குத்தான், உரிமத்துக்கு இல்லை. உங்கள் நாடு உறுப்பினர் என்பதும் போதாது. உங்கள் படிப்புக்கு, நீங்கள் படித்து முடித்த காலத்தில், அந்த அங்கீகாரம் இருந்ததா என்று பார்க்க வேண்டும்.

உரிமம் வேண்டியவர்களின் பாதை நீளமானது. அமெரிக்காவில் வெளிநாட்டு மருத்துவர் ஒருவர் எத்தனை வருட அனுபவத்தோடு வந்தாலும், பொதுவாக யு.எஸ்.எம்.எல்.இ தேர்வுகளை எழுதி, பெரும்பாலும் மறுபடி பயிற்சி மருத்துவராக இருந்துதான் முழு உரிமம் பெற முடியும். சில மாநிலங்கள் இப்போதுதான் இதைத் தளர்த்தத் தொடங்கியிருக்கின்றன. ஜெர்மனியில் மருத்துவருக்கு ஜெர்மன் மொழித் திறனை ஏ1 முதல் சி2 வரையிலான ஐரோப்பிய அளவுகோலில் பார்க்கிறார்கள்; பொது மொழியில் பி2 நிலையும் மருத்துவ மொழியில் அதற்கு மேலான சி1 நிலையும் கேட்கிறார்கள். செவிலியர்களுக்கு நிலைமை கொஞ்சம் மேல்: என்கிளெக்ஸ் என்ற ஒரே தேர்வு அமெரிக்காவில் மட்டுமல்லாமல் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் செல்லுபடியாகிறது. இந்தத் தொழில்களில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அண்மைக் காலத்தில் வேலை செய்திருக்கிறீர்களா என்று உரிம அமைப்புகள் கேட்கும். பிரிட்டனின் செவிலியர் பேரவை பதிவைப் புதுப்பிக்க மூன்றாண்டில் 450 மணிநேரப் பணியைக் கேட்கிறது. புது உரிமம் கைக்கு வருமுன் பழைய பதிவைக் காலாவதியாக விட்டால் இரண்டு பக்கமும் கதவு சாத்திக்கொள்ளும்.

நான் முதல் முறை நாடு மாறியபோது பட்டச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் இருந்தால் போதும் என்று கிளம்பிவிட்டேன். அங்கே போனபின், ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை மணிநேரம், என்ன பாடத்திட்டம் என்று முத்திரையோடு கேட்டார்கள். நான் படித்த இடத்தில் அந்தப் பழைய பாடத்திட்டத்தைத் தேடி எடுக்கவே ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் நான் வேலைக்குத் தயாராகத்தான் இருந்தேன், ஒரு கட்டுக் காகிதம் தயாராக இல்லை. அதனால் யார் கிளம்பினாலும் கேட்காமலே சொல்லிவிடுவேன்: பாடத்திட்டத்தோடு வாங்கு, இரண்டு பிரதி வாங்கு, அப்போஸ்டில் முத்திரையையும் ஊரில் இருக்கும்போதே போட்டுக்கொள். ஆவணத்தில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று உறுதிசெய்யும் அது, 1961ல் உருவான ஹேக் ஒப்பந்தத்தின்படி வருவது. உறுப்பு நாடுகளுக்கிடையே தூதரகம் தூதரகமாக அலைவதை ஒரே முத்திரையில் முடித்துவைக்கிறது. சீனா 2023 நவம்பரிலும் கனடா 2024 ஜனவரியிலும்தான் இதற்குள் வந்தன என்பதால், பழைய அனுபவத்தை வைத்துச் சொல்பவர்களின் தகவல் இப்போது பொருந்தாமல் போகலாம்.

சாட்சி எவ்வளவு பலமாக இருந்தாலும் வேலை செய்ய அனுமதி இருக்க வேண்டும். விசாவை நாட்டுக்குள் நுழையும் சீட்டு என்று மட்டும் பார்க்கிறோம். உண்மையில் அடுத்த ஐந்து வருடத்துக்கு உங்கள் தொழில் வாழ்க்கை எந்தப் பக்கம் திரும்பலாம், எந்தப் பக்கம் திரும்பக் கூடாது என்பதைத் தீர்மானிப்பதே அதுதான். ஸ்பான்சரோடு, அதாவது உங்களை அழைத்துவரும் நிறுவனத்தோடு, பிணைந்த விசாவில் வேலை போனால் காலக்கெடு ஓடத் தொடங்கிவிடும். அமெரிக்காவின் ஹெச்-1பி வேலை விசாவில் அதிகபட்சம் 60 நாள். பிரிட்டனிலும் வழக்கமாக 60 நாள். ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் ஒரே தொடர்ச்சியாக 180 நாள் வரை தருகிறது. இந்த வித்தியாசம் வெறும் எண் இல்லை. 60 நாள் கையில் இருப்பவர் முதலில் வரும் வேலையைப் பிடித்துக்கொள்வார், சம்பளம் பேச மாட்டார், மோசமான மேலாளரையும் சகித்துக்கொள்வார். 180 நாள் இருப்பவருக்குக் கொஞ்சம் நிமிர்ந்து நிற்க முடிகிறது.

வெளியிலிருந்தே வேலை தேடுபவர்களுக்கு ஒரு சின்ன யோசனை. பிரிட்டன் அரசு, ஸ்பான்சர் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலைப் பொதுவில் வெளியிடுகிறது. அதில் இல்லாத நிறுவனத்துக்கு நூறு விண்ணப்பம் போட்டாலும், உங்களை வெளியிலிருந்து அழைத்துவர வேண்டுமானால் அது முதலில் உரிமம் வாங்கியாக வேண்டும். ஜெர்மனியோ 2024 ஜூன் முதல் வாய்ப்பு அட்டை என்ற ஒன்றைத் தருகிறது. புள்ளிகள் அடிப்படையில் கிடைக்கும் அந்த அட்டையோடு ஓராண்டு வரை உள்ளே இருந்து வேலை தேடலாம், வாரம் 20 மணிநேரம் பகுதிநேர வேலையும் பார்க்கலாம். இது எனக்குப் பிடித்த ஏற்பாடு. உள்ளூர்ச் சாட்சியைச் சம்பாதிக்க ஒரு வாசலைத் திறந்துவைத்திருக்கிறார்கள்.

இனி, கூடவே கிளம்பும் துணையைப் பற்றி. இதை எழுதாமல் விட்டால் என் மனம் ஆறாது. இருவரும் சம்பாதிக்கும் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை கிடைத்து இருவரும் கிளம்பும்போது, மற்றவரின் தொழில் 'போய்ப் பார்த்துக்கலாம்' என்ற ஒரே வார்த்தையில் முடிந்துவிடுகிறது. போய்ப் பார்த்தால், பார்ப்பதற்கு அனுமதியே இருக்காது. டிபென்டென்ட் விசா எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. பிரிட்டனில் ஸ்கில்டு வொர்க்கர் என்ற வேலை விசாவில் இருப்பவரின் துணை அநேகமாக எந்த வேலையும் செய்யலாம். உயர்தகுதி கொண்ட வெளிநாட்டினருக்கு ஐரோப்பிய ஒன்றியம் தரும் நீல அட்டையை வைத்திருப்பவரின் துணைக்கும் வேலை உரிமை உண்டு. ஜப்பானில் தனியாக அனுமதி பெற்று வாரம் 28 மணிநேரம். சிங்கப்பூரில் 2021 மே முதல், டிபென்டென்ட் பாஸில் இருப்பவர் பொதுவாகத் தனக்கென்று வேலை பாஸ் பெற வேண்டும். அமெரிக்காவில் ஹெச்-1பிக்காரரின் துணைக்கான ஹெச்-4 விசாவில் உள்ளவர்களில், துணையின் நிரந்தரக் குடியுரிமைக்கான நடைமுறை ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான் 2015 முதல் வேலை அனுமதி. கனடா 2025 ஜனவரியில் துணைகளுக்கான அனுமதியைக் குறிப்பிட்ட சில தொழில்களில் இருப்பவர்களின் துணைகளுக்கு என்று சுருக்கிவிட்டது.

ஆகவே வேலைக்கு ஒப்புக்கொள்ளுமுன் சம்பளத்தைப் பேசுவது போலவே துணையின் வேலை உரிமையையும் பேச வேண்டும். இரண்டு நாடுகளில் வாய்ப்பு இருந்தால், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் இருவரும் வேலை செய்யக்கூடிய நாடு பெரும்பாலும் மேல் என்று நான் நினைக்கிறேன். பணக் கணக்கும் அதில் இருக்கிறது. ஆனால் மூன்று வருடம் வீட்டில் உட்கார வைக்கப்பட்ட ஒரு பொறியாளரின் முகத்தை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு, பணத்தை விடப் பெரிய கணக்கு ஒன்று இருப்பது தெரியும்.

அனுமதி இல்லாத காலத்திலும் சாட்சியைச் சேர்க்க வழி உண்டு. மொழித் தேர்வு, உள்ளூர்ச் சான்றிதழ் படிப்பு, துறை அமைப்பில் உறுப்பினராவது ஆகியவை பெரும்பாலும் தடையில்லாதவை. தன்னார்வப் பணியில் மட்டும் கவனம் வேண்டும். மற்றவர்களுக்குச் சம்பளம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலையை இலவசமாகச் செய்தாலும் சில நாடுகளில் அது வேலையாகவே கணக்காகும். பழைய நிறுவனத்துக்கே தூரத்திலிருந்து வேலை செய்வதும் அப்படித்தான். சம்பளம் எங்கிருந்தோ வந்தாலும், நீங்கள் உட்கார்ந்து வேலை செய்யும் நாட்டின் விசா விதியும் வரிச் சட்டமும் உங்களைத் தொடும். ஒரு நாட்டில் எத்தனை நாள் இருந்தோம் என்று பார்க்கும், பல வரி ஒப்பந்தங்களில் வரும் 183 நாள் கணக்கு பலருக்கும் தெரிகிறது, ஆனால் அதுவரை எதுவும் பொருந்தாது என்று எண்ணிக்கொள்வது தவறு. எஸ்டோனியா 2020லும் ஸ்பெயின் 2023லும் தூரத்து வேலைக்கென்றே தனி விசா கொண்டுவந்தது, பழைய விசாக்களில் இதற்குச் சரியான இடம் இல்லை என்பதால்தான்.

சரி, புது நாட்டில் புதுச் சாட்சி எங்கிருந்து வரும்? நெருங்கிய நண்பர்களைவிட ஓரளவே தெரிந்தவர்களிடமிருந்துதான் அதிகம். சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973ல் இதை எழுதினார். பாஸ்டன் அருகே, தெரிந்தவர் மூலம் புது வேலை பெற்றவர்களை விசாரித்தபோது, அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள் சுமார் 17 விழுக்காடு மட்டுமே. எப்போதாவது சந்தித்தவர்கள் சுமார் 56, அரிதாகச் சந்தித்தவர்கள் சுமார் 28. லிங்க்ட்இன் தளத்தில் சுமார் 2 கோடிப் பேரிடம் நடந்த சோதனைகளின் முடிவு 2022ல் வந்தது. வேலை மாற அதிகம் உதவியவை ஓரளவு தளர்வான தொடர்புகளே என்று அதுவும் சொன்னது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். தள்ளி நிற்பவர் வேறு வட்டத்தில் இருக்கிறார், வேறு செய்தி கேட்கிறார்.

புதிதாக வந்தவருக்கு இதில் ஒரு வலி உண்டு. அவருக்குக் கிடைக்கும் நெருக்கம் பெரும்பாலும் அதே மொழி பேசும், அதே சிரமத்தில் இருக்கும் மனிதர்களிடம். அந்தத் துணை இல்லாமல் முதல் வருடத்தைக் கடக்க முடியாது, அதை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். அதோடு, தன் தொழிலில் அந்த நாட்டில் ஏற்கெனவே இருக்கும் பத்துப் பேரையாவது தெரிந்துகொள்ள வேண்டும். எடுத்த எடுப்பில் வேலை கேட்டால் எதிரில் இருப்பவர் ஒதுங்குவார். "உங்கள் வேலையில் என் மாதிரி ஆளுக்கு எது குறைகிறது என்று பார்க்கிறீர்கள்? 20 நிமிடம் பேச முடியுமா?" என்று கேட்டால் ஆச்சரியப்படும் அளவுக்குப் பலர் சம்மதிக்கிறார்கள். என் தோழி இப்படி 14 பேருக்கு எழுதினாள். ஐந்து பேர் பேசினார்கள். அதில் ஒருவர், "உங்களுக்கு அனுபவம் குறைவில்லை, நீங்கள் விண்ணப்பிக்கும் பதவிப் பெயர்தான் தப்பு. நீங்கள் செய்த வேலைக்கு இங்கே வேறு பெயர்" என்றார். எண்பது விண்ணப்பத்தில் தெரியாமல் போனது 20 நிமிடப் பேச்சில் தெரிந்தது.

முதல் வேலை பற்றி என் கருத்து கொஞ்சம் பிடிவாதமானது. பதவி இறங்குவதில் தப்பில்லை, துறை மாறுவதில்தான் ஆபத்து. வாடகைக்காகக் கிடைத்த வேலையைச் செய்ய வேண்டிய கட்டாயம் பலருக்கு வரும். அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் இரண்டு வேலை முன்னால் இருந்து, ஒன்று துறைக்கு வெளியே கூடுதல் சம்பளம், இன்னொன்று துறைக்குள் இரண்டு படி கீழே என்றால், இரண்டாவதை எடுக்கச் சொல்வேன். அங்கேதான் உங்கள் வேலையைப் புரிந்துகொள்ளும் கண்கள் இருக்கின்றன. துறைக்கு வெளியே நீங்கள் எவ்வளவு நன்றாக உழைத்தாலும் அந்த மேலாளர் சொல்லக்கூடிய சாட்சி, நேரத்துக்கு வந்தார், நல்ல மனிதர் என்பதோடு முடிந்துவிடும். கீழே இறங்கும்போது ஒரு தேதியையும் மனதில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்றரை வருடம், இரண்டு வருடம். அதற்குள் உள்ளே ஏற வழி தெரியவில்லை என்றால் வெளியே தேடத் தொடங்கிவிட வேண்டும். இல்லையென்றால் இறங்கிய படியே நிரந்தர முகவரியாகிவிடும்.

பணம் கேட்டு வேலை வாங்கித் தருவதாகச் சொல்பவர்களைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. உலகத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு ஒப்பந்தம், தனியார் வேலைவாய்ப்பு முகவர்கள் தொழிலாளியிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்பதைப் பொது விதியாக வைத்திருக்கிறது. விதிவிலக்குகள் உண்டு, கட்டணத்தைச் சட்டம் அனுமதிக்கும் நாடுகளும் உண்டு. ஆனாலும் பணி ஆணைக்கு முன்பே பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஓய்வூதியத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், 30 வயதில் யாரும் இதை யோசிப்பதில்லை. அமெரிக்காவில் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்துக்குப் பொதுவாக 10 வருட வேலைக்கு ஈடான 40 புள்ளிகள், ஜெர்மனியில் குறைந்தது 5 ஆண்டுப் பங்களிப்பு. அடிக்கடி நாடு மாறுபவர் எங்கும் அந்த வரம்பைத் தொடாமல் போகலாம். சில நாடுகள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்து இரு நாட்டுக் காலத்தையும் கூட்டிக் கணக்கிடுகின்றன. உங்கள் இரு நாடுகளுக்கும் இடையே அப்படி ஒன்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சம்பளச் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள்.

தோழிக்குப் பதினோராவது மாதத்தில் வேலை கிடைத்தது. சிறிய ஆய்வகம், பழைய பதவியைவிட இரண்டு படி கீழே, மாதிரிகளைப் பதிவு செய்யும் இடத்தில் தொடக்கம். நான்காவது மாதம் ஒரு கருவி தவறான அளவு காட்டியபோது, காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னவள் அவள். அதன்பின் அங்கேயும் அவள் மேசைக்கு முன்னால் வந்து நிற்கத் தொடங்கினார்கள். ஒன்றரை வருடத்தில் ஒரு படி ஏறினாள்.

போன மாதம் கூப்பிட்டாள். அவளோடு ஆய்வகத்தில் வேலை பார்த்த ஒரு பெண், வேறொரு நாட்டிலிருந்து வந்தவள், வேறு நிறுவனத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாள். ரெஃபரன்ஸ் என்ற இடத்தில் தோழியின் பெயரைப் போடலாமா என்று கேட்டிருக்கிறாள். "நான் என்ன சொல்லணும்டி? நல்லா வேலை பார்த்தான்னு சொன்னா போதுமா?" என்று என்னிடம் கேட்டாள்.

"மாசம் எத்தனை மாதிரி பார்த்தா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் அவள் பேனா தேடும் சத்தம் கேட்டது.